இரண்டாவது ஆண் நண்டு

ஜூன் 15, 2019

கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது. அதற்குள் எங்கள் துறை மியூசியத்தில் உயிரினங்களைப் பாடம் செய்து வைத்திருக்கும் புட்டிகளை முடித்துவிட வேண்டும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் இறக்கி, தூசி துடைத்து, மூடி திறந்து, வற்றிப்போன ஸ்பிரிட்டை நிரப்பி, பதிவேட்டில் குறித்து, திரும்ப ஏற்ற வேண்டும். ஆய்வக உதவியாளர் மாசானம் அண்ணாச்சி ஏணியில், நான் கீழே நாற்காலியில். இருபத்தேழு வருடமாக எங்கள் இருவருக்கும் கோடை விடுமுறை என்றால் இந்தப் பாளையங்கோட்டை வெயிலும் இந்த வேலையும்தான். விலங்கியல் துறையில் மற்றவர்கள் கொடைக்கானல் போய்விட்டு வருகிறார்கள்.

பத்து மணிக்கு ஜெசிந்தா வந்தாள். ஏழு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வருவாள். எங்களுக்கு எதிரே இருக்கும் கல்லூரியில் பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். படம் வரைவதற்குக் குழாய் வைத்த நுண்ணோக்கி அங்கே கிடையாது, இங்கே உண்டு. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நாங்கள் இருவரும் ஆராய்வது ஓடை நண்டுகளை. நாடு முழுக்கத் தேடினாலும் இந்த வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் தேறமாட்டார்கள். அதில் இரண்டு பேர் ஒரே தெருவில்.

"எக்கா, கையில உள்ளத வச்சிட்டு ஒரு நிமிசம் இங்கன வந்து பாருங்களேன்" என்றாள்.

நண்டின் ஓட்டைப் பார்த்து இனம் சொல்லக் கூடாது. வயதுக்குத் தக்கபடி, ஓடைக்குத் தக்கபடி ஓடு மாறும். ஆண் நண்டைப் புரட்டி வயிற்று மடலைத் திறந்தால் உள்ளே இரண்டு ஜோடிச் சிறு தண்டுகள் இருக்கும். முதல் ஜோடியின் நுனி எப்படி முடிகிறது என்பதுதான் அதன் விலாசம். ஜெசிந்தா கொண்டுவந்த நண்டில் அந்த நுனி வெளிப்பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தது. எனக்குத் தெரிந்த எந்த நண்டிலும் அப்படி இல்லை.

"எங்க புடிச்ச?"

"ஊசிப்பாறை ஓடையிலக்கா. ஆண் ஒண்ணு, பொட்டை மூணு. எந்தப் பேரினம்னு தெரியுது. அதுக்குக் கீழ எதுலயும் சேர மாட்டேங்கு. புதுசா இருக்குமோ?"

"இருக்கலாம்" என்றேன்.

அவள் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்து தனக்குள் சிரித்துக்கொண்டாள். நான் இதுவரை இனம் கண்டு கொடுத்த நண்டுகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போனவை. உலகத்துக்கே புதிதாக, என் கையால் பெயர் வைத்தது ஒன்றுகூட இல்லை.

பொறாமை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்பிரிட் நாற்றம்.

ஜூன் 16

தோசைக்கு அரைத்தேன். மாவு பொங்கவில்லை.

ஜூன் 19

கல்லூரி திறந்துவிட்டது, புட்டிகள் இன்னும் முடியவில்லை. "மேடம், இருநூத்திப் பதினேழுல ஸ்பிரிட்டு பாதிக்குக் கீழ போயிட்டு. மூடில விரிசலு" என்று அண்ணாச்சி மேலிருந்து நீட்டினார். புட்டி மாற்றுவதற்காக நண்டை வெளியே எடுத்தேன். நான் பிடித்ததுதான். உள்ளே கிடந்த சீட்டில் என் கையெழுத்து: சாதாரண ஓடை நண்டு, ஆண், கருங்குயில் மேடு, 11 பிப்ரவரி 2004. ஒரு கிண்ணத்தில் மல்லாக்க வைத்தபோது வயிற்று மடல் தொளதொளவென்று திறந்துகொண்டது.

நுனி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அண்ணாச்சியை டீ வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தண்டிலும் ஒரே வளைவு. ஜெசிந்தாவின் நண்டேதான். அவளுடைய ஓடையிலிருந்து கருங்குயில் மேடு வடக்கே இருபது கிலோமீட்டர். பதினைந்து வருடமாக அலமாரியின் மூன்றாவது தட்டில், என் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது. வருடா வருடம் நானே ஸ்பிரிட் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

புட்டியைத் தட்டில் திரும்ப வைக்கவில்லை. என் மேசைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதிவேட்டில் 217க்கு நேரே 'சரி' என்று போட்டேன்.

ஜூன் 20

2004ஆம் வருடக் குறிப்பேட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். அந்த நண்டுக்குப் படமே வரைந்திருக்கிறேன். வளைந்த நுனி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் பென்சிலில் 'ஊனமோ?' என்று ஒரு வார்த்தை. அடுத்த பக்கத்தில் அந்தச் சந்தேகமும் இல்லை, சாதாரண ஓடை நண்டு என்று முடித்துவிட்டேன்.

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கண்ணால் பார்த்ததை நம்புவதைவிட, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற ஆள் நான் இல்லை என்று நம்புவது எளிதாக இருந்திருக்கிறது. அவளும் இதே வளைவைத்தான் பார்த்தாள். பார்த்தவுடன் 'புதுசா இருக்குமோ' என்று கேட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வயிறு எரிகிறது. இதை இந்த நோட்டில் எழுதாமல் வேறு எங்கே போய் எழுதுவேன்?

ஜூன் 23

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 217ஆம் நண்டின் படத்தைச் சுத்தமாகத் திருப்பி வரைந்தேன். இவர் பேப்பரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"சைவப் பிள்ளை வீட்டுல பொறந்து ஆயுசு பூரா நண்டு பின்னால போனவ நீ ஒருத்திதான். இன்னைக்கு என்ன விசேசம்? முகமே சரியில்லையே."

"ஒண்ணுமில்ல. நீங்க போயி குளிங்க."

எங்கள் துறையில் ஒரு சட்டம் உண்டு. யார் முதலில் அச்சில் வெளியிடுகிறார்களோ அவர்கள் வைத்த பெயர்தான் நிற்கும். யார் முதலில் பிடித்தார்கள், யார் முதலில் பார்த்தார்கள் என்றெல்லாம் கேட்பதில்லை. ஜெசிந்தா நிதானமாக எழுதுகிறவள். நான் முனைந்தால் ஒரு மாதத்தில் முந்திவிடலாம். என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை, ஊர்தான் சிரிக்கும். அடுத்தவர் வைத்தால்தான் அழகு. வடிவு என்ற என் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

விளக்கம் நான்கு வரி எழுதினேன். ஐந்தாவது வரியில் 'எதிலும் சேரவில்லை' என்று எழுதியபோது அது அவள் சொன்னது என்று ஞாபகம் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 6

ஜெசிந்தா புது நண்டைப் பற்றிய கட்டுரையை முடிக்கப்போகிறாள். நவம்பர் கடைசியில் அவள் கல்லூரியில் நிரந்தரப் பணியிடத்துக்கு நேர்காணல். இருப்பது ஒரே இடம். அதற்குள் இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டால் இடம் அவளுக்குத்தான் என்று முதல்வரே சொல்லியிருக்கிறாராம். இல்லையென்றால் வயது வரம்பு தாண்டிவிடும், அடுத்த வாய்ப்பு கிடையாது.

என் டப்பாவிலிருந்து தயிர்சாதத்தை எடுத்துத் தின்றுகொண்டே கேட்டாள்: "உங்க புட்டி எல்லாத்தயும் ஒருக்க பாத்துட்டியளாக்கா? இதே மாதிரி வேற எதுவும் இருக்கா?"

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"நீங்க பாத்துட்டியன்னா சரி" என்றாள்.

மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நண்டு பிடித்தவள். உயிருள்ள நண்டைப் பின்பக்கமாக இரண்டு விரலால் தூக்குவாள், அது அசையாது. எனக்கு இன்றைக்கும் கையுறை வேண்டும்.

ஜூலை 29

அந்தக் கட்டுரை என்னிடமே வந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர் மதிப்பாய்வுக்கு அனுப்பியிருக்கிறார். நண்டு பார்க்கிற ஏழெட்டுப் பேரில் வேறு யாரிடம் அனுப்புவார்? எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும், மதிப்பாய்வு செய்வது யார் என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் வழக்கம். 'எழுதியவருக்கும் உங்களுக்கும் தனிப்பட்ட தொடர்பு உண்டா?' என்று படிவத்தில் கேட்டிருந்தது. இல்லை என்று அழுத்தினேன்.

விளக்கத்தைப் படிக்கவில்லை, அளவுகளைப் பார்க்கவில்லை. பெயர்க் காரணம் என்ற பத்தியைத் தேடித்தான் முதலில் ஓடினேன். ஊசிப்பாறை ஓடையின் பெயரை வைத்திருக்கிறாள்.

ஓடையின் பெயரை!

கடைசியில் நன்றிகள் பகுதியில் என் பெயர் இருந்தது. நுண்ணோக்கியைப் பயன்படுத்த அனுமதித்ததற்காக. இறங்கும் இடம் சொன்ன கண்டக்டருக்கு நன்றி சொல்வதுபோல.

ஆகஸ்ட் 8

மதிப்பாய்வை எழுதி அனுப்பினேன். 'ஒரே ஒரு ஆண் நண்டை வைத்துப் புது இனம் அறிவிப்பது அவசரம். நுனியின் வளைவு அந்த ஒரு நண்டின் ஊனமாகவும் இருக்கலாம். இரண்டாவது ஆண் நண்டு, முடிந்தால் வேறோர் ஓடையிலிருந்து, கிடைத்தால் மட்டுமே பரிசீலிக்கலாம்.'

இதில் ஒரு வார்த்தைகூடத் தவறு இல்லை. வேறு யார் எழுதியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார்கள். சாயங்காலம் பீரோவைத் திறந்து ஸ்பிரிட் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 17

ஜெசிந்தா அந்த மதிப்பாய்வை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"ஊனம்னு எப்பிடிக்கா சொல்லுதாவ? ரெண்டு தண்டும் ஒண்ணு போல வளைஞ்சிருக்கு. ஊனம்னா ஒரு பக்கம்தானே இருக்கும்? என்னைய நம்ப மாட்டேங்காவ."

"அவங்க சொல்லுததிலயும் ஞாயம் இருக்கு ஜெசிந்தா. ரெண்டாவது ஒண்ணு கெடச்சா பேச்சே கெடையாதுல்லா. திரும்பப் போய்ப் பாரேன்."

"நீங்க சொன்னா செய்யுதேன்" என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் சொன்ன விஷயம் சரி. இரண்டு தண்டும் ஒன்றுபோல் வளைந்திருந்தால் ஊனமாக இருக்க முடியாது. அதை 2004இல் நான் யோசிக்கவில்லை. அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் 18

காய்ச்சல் மாதிரி இருந்தது. இவர் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

செப்டம்பர் 14

மூன்று சனிக்கிழமையாக ஜெசிந்தா இங்கே வருவதில்லை, மலைக்குப் போகிறாள். இன்றைக்குப் பாதி நாளில் திரும்பி வந்தாள். கெண்டைக்கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. பொட்டை நண்டு இரண்டு கிடைத்ததாம், ஆண் இல்லை. மாசானம் அண்ணாச்சி புகையிலையும் உப்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "இதத் தண்ணியில நனைச்சிக் கால்ல தேச்சிட்டுப் போங்கம்மா. ஒரு அட்டை ஏறாது."

என்னைப் பார்த்து, "மேடம், நம்மகிட்ட நானூறு புட்டி இருக்கே, ஒண்ணுலகூடவா இல்ல?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி."

அக்டோபர் 5

ஊசிப்பாறை ஓடையில் பக்கத்து எஸ்டேட்காரர்கள் வேலை ஆரம்பித்துவிட்டார்கள். விடுதிக்கு வருகிறவர்கள் குளிப்பதற்காகக் கரையை வெட்டி, பாறையைப் பெயர்த்து, சிமெண்டுத் தரை போட்டிருக்கிறார்களாம். ஜெசிந்தா போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். நண்டுகள் வளை தோண்டும் மண்கரை இருந்த இடத்தில் நீல நிறக் குழாய்கள்.

"மேல ஒரு மைல் தூரம் ஏறிப் பாத்தேன்க்கா. ஒண்ணும் இல்ல. முடிஞ்சிபோச்சி."

கருங்குயில் மேட்டுக்குப் போய்ப் பார் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், ஏன் அங்கே என்று கேட்பாள். சொல்லவில்லை.

அக்டோபர் 7

ஆயுத பூஜை. அண்ணாச்சி நுண்ணோக்கிக்கும் தராசுக்கும் அலமாரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மூன்றாவது தட்டுக்கு வைக்கும்போது நின்று, "இருநூத்திப் பதினேழு எடம் காலியா இருக்கே" என்றார். மூடி மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் என் இரும்பு பீரோவுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். சுண்டல் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அக்டோபர் 27

தீபாவளி. வருடா வருடம் முந்திரிக்கொத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள். இந்த வருடம் வரவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த டப்பா அப்படியே இருக்கிறது.

நவம்பர் 9

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜெசிந்தா வந்தாள். தன் நண்டுப் புட்டியை என் மேசையில் வைத்தாள்.

"விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. இத உங்க மியூசியத்துலயே வச்சிருங்க. எனக்கு இனி இது எதுக்கு?"

"இண்டர்வியூ?"

"போவேன். சும்மா போயி உக்காந்துட்டு வருவேன்."

ஒரு சீட்டைக் கிழித்து, பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாதாரண ஓடை நண்டு, ஆண், ஊசிப்பாறை ஓடை என்று எழுதினாள். கொஞ்சம் நிறுத்தி, கீழே 'ஊனமோ?' என்று எழுதினாள்.

என் கை தானாகப் போய் அவள் பென்சிலைப் பிடுங்கியது.

"எழுதாத."

"ஏன்க்கா?"

பீரோவைத் திறந்து 217ஐ எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நண்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தவள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "எக்கா!" என்று கத்தினாள். எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இதான்க்கா! ரெண்டாவது ஆணு! எங்கன கெடச்சுது? எப்ப பாத்திய?"

இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லியிருந்தால் அவள் என்னைக் கட்டிக்கொண்டிருப்பாள். அதைத்தான் சொல்லப் போனேன்.

மியூசியத்தில் ஒரு முறை உண்டு. பெயர் தப்பாக இருந்தாலும் பழைய சீட்டை வெளியே எடுக்க மாட்டோம். சரியான பெயரையும், திருத்தியவர் பெயரையும், திருத்திய நாளையும் எழுதி இன்னொரு சீட்டைக் கூடப் போடுவோம். முதலில் சீட்டை எழுதிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். புது இனம் என்றும் கீழே என் பெயரையும் எழுதினேன். நாள் எழுதும் இடத்தில் கை நின்றது. இருபத்தேழு வருடத்தில் சீட்டில் தப்பு எழுதியிருக்கிறேன், பொய் எழுதியதில்லை. 19 ஜூன் 2019 என்று எழுதி அவளிடம் கொடுத்தேன்.

அவள் படித்தாள். சீட்டை மேசையில் வைத்துவிட்டு பீரோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆகஸ்டுல நான் இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதப்ப, இது அந்த பீரோவுலதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் அட்டைக்கடி வாங்கிக்கிட்டு ஓடையில கெடந்தப்ப?"

"இருந்துச்சு."

"ஏன்க்கா?"

"வயித்தெரிச்சல்" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல ஜெசிந்தா. வெறும் வயித்தெரிச்சல்."

சீட்டை ஸ்பிரிட்டில் அவளே போட்டு மூடியைத் திருகினாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மதிப்பாய்வு எழுதியதும் நான்தான் என்று சொல்ல நினைத்தேன். ஒரு நாளைக்கு இது போதும் என்று தோன்றியது.

நவம்பர் 11

வந்தாள். இரண்டு மணி நேரம் 217ஐ அளந்தாள், வரைந்தாள். டப்பாவை நீட்டினேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றாள். போகும்போது வாசலில் நின்று, "மேடம், அளவெல்லாம் எடுத்தாச்சு. புட்டிய அது எடத்துலயே வச்சிட்டேன். ரொம்ப நன்றி மேடம்" என்றாள்.

அவள் என்னை மேடம் என்றது ஏழு வருடத்தில் முதல் தடவை. அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

நவம்பர் 18

திருத்திய கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்துவிட்டது. நேர்காணலுக்கு இன்னும் ஒரு வாரம். இன்றைக்கே பதில் அனுப்பினால் அவளுக்கு ஏற்புக் கடிதம் வந்துவிடும்.

உட்கார்ந்து இரண்டு மணி நேரம் குற்றம் தேடினேன். உண்மையைச் சொன்னால், ஆசையோடு தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் வரைந்த படம் என் படத்தைவிட நன்றாக இருக்கிறது. நுனியின் வளைவுக்கு அடியில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. நான் இரண்டு தடவை வரைந்தும் அதைக் கவனிக்கவில்லை.

ஆய்ந்த மாதிரிகளின் பட்டியலில் இப்படி இருக்கிறது: 'ஓர் ஆண், கருங்குயில் மேடு, 11 பிப்ரவரி 2004, சேகரித்தவர் சண்முகவடிவு. இனங்கண்ட நாள் 19 ஜூன் 2019.' சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். முதல் பக்கத்தில் கட்டுரை வந்து சேர்ந்த நாள் அச்சாகும், ஜூலை 22. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் மறைத்தது தெரிந்துவிடும், அதற்கு நண்டு படித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தேதியை எடுத்துவிடச் சொல்லி மதிப்பாய்வாளராக ஒரு வரி எழுதினால் போதும், எடுத்துவிடுவாள். எழுதவில்லை.

பிறகு நன்றிகள் பகுதிக்கு வந்தேன். நுண்ணோக்கிக்காக எனக்குச் சொன்ன நன்றி இப்போது இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. 'இரண்டாவது ஆண் நண்டு வேண்டும் என்று உறுதியாகக் கேட்டு, இந்த இனம் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற உதவிய, பெயர் அறியாத மதிப்பாய்வாளருக்கு என் மனமார்ந்த நன்றி.'

நான்கு தடவை படித்தேன். எத்தனையோ கட்டுரைகளில் என் பெயர் நன்றிகள் பகுதியில் வந்திருக்கிறது. மனமார்ந்த நன்றி என்று யாரும் எழுதியதில்லை. அந்தப் பெயர் தெரியாத ஆள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஆள் நான்தான் என்பது ஞாபகம் வர ஒரு நொடி ஆனது.

இப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் அந்த ஆளுக்குக் கடைசிவரை நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள். எடுக்கச் சொன்னால், ஏன் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்பார். அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அதைச் சொன்னால் இனி அந்தப் பத்திரிகை எனக்கு எதையும் அனுப்பாது. ஜெசிந்தாவும் சனிக்கிழமைகளில் வரமாட்டாள்.

இவர் வந்து, சாப்பிட வரலியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார். வாரேன் என்று சொல்லிவிட்டு, 'ஏற்கலாம்' என்பதை அழுத்தினேன். கீழே குறிப்புகள் என்ற கட்டத்தில் எழுதினேன்:

'நன்றிகள் பகுதியின் கடைசி வரியை நீக்கிவிடவும். அந்த மதிப்பாய்வாளர் சண்முகவடிவு. இரண்டாவது ஆண் நண்டைக் கேட்டபோது அது என் பீரோவில் இருந்தது. எழுதியவரோடு தொடர்பு இல்லை என்று நான் படிவத்தில் சொன்னதும் பொய். இதை அவரிடம் தெரிவித்துவிடவும். மற்றபடி, கட்டுரையில் திருத்தம் எதுவும் தேவையில்லை.'